கொம்புக்கு வார்த்த நெய்

நலம் ஓங்குக. மழை தன் மாதம் தப்பாமல் பொழிக. ஏழு கணவாய்களுக்கும் காவலராய், எளியோர் முறையீட்டுக்கு வாசல் அடைக்காதவராய் வெண்கோட்டு நாட்டை ஆளும் கோப்பெருந்தேவி வானவல்லியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் அமைச்சன் பொறையன் அருவந்தை எழுதுவித்த ஓலை இது. மேல்மலைக் கோட்டைக்கும் அதன்கீழ் அடங்கிய ஊர்களுக்கும் தலைவராய் அமர்ந்திருக்கும் காரி விடங்கர் காண்க. உமது மதில் உறுதியாய் நிற்க. உமது ஊர்க் கிணறுகள் வற்றாமல் ஊறுக. வாழ்த்து இவ்வளவே. இனி வருவது காதுக்கு இனிமையாக இராது. ஆகவே வாசித்து முடியும்வரை இருக்கையில் அமராமல் நின்றபடியே கேட்பீராக.

நீர் விடுத்த ஓலையும், பட்டுத்துணியில் சுற்றி உடன் அனுப்பிய காவல் கொம்பும் அவைக்கு வந்து சேர்ந்தன. தினையூர்க் குன்றின்மேல் காவலிருந்த சாத்தி என்பாள், ஊரில் தீப்பிடித்த பகலில் கொம்பு ஊதாமல் இருந்துவிட்டாள் என்றும், வயலில் நின்ற ஊராரும் கோட்டையில் இருந்த வீரரும் அதனால் தீயை அறியாமல் போயினர் என்றும் எழுதியிருந்தீர். கோட்டைக்குரிய தானியம் எரிந்த கதையை ஓலையின் பாதிவரை நீட்டியிருந்தீர். எந்தக் குதிர் முதலில் பிடித்தது, எந்தக் குதிரில் என்ன தானியம் என்பதுவரை சொன்னீர். ஒரு குழந்தையும் மாண்டது என்பது மட்டும் ஓலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொம்பில் பழுது ஏதுமில்லை என்பதும், உலர்காற்றில் அது வெடித்துவிடாதபடி திங்கள்தோறும் கோட்டையிலிருந்து நெய் அளந்து அனுப்பிப் பூசச் செய்தீர் என்பதும் உமது வாதம். விசாரணையில் அவள் வாய் திறவாமல் நின்றாள், அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பது உமது முடிவு. ஊதாத வாய்க்குச் சூடு என்ற பழஞ்சட்டப்படி அவள் இதழ்களில் காய்ச்சிய இரும்பை வைக்க ஒப்புதல் வேண்டும் என்பது உமது விண்ணப்பம்.

அவையில் அரண்மனைக் கொம்பூதியைக் கொண்டு அந்தக் கொம்பை ஊதிப் பார்த்தோம். அது முழங்கிய முழக்கத்தில் மாடப்புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன. கொம்பு நன்றாயிருக்கிறது, ஆகவே பெண் பொல்லாதவள் என்று அவையில் பலர் தலையாட்டினர். இதை எழுதுவிக்கும் அமைச்சனும் அவர்களோடு சேர்ந்துதான் தலையாட்டினான்.

தேவியார் மட்டும் கொம்பைத் தம் மடியில் வாங்கிப் பார்த்தார். புறம் முழுதும் முகம் தெரியும்படி நெய்ப்பளபளப்பு. வாய் வைத்து ஊதும் துளையின் விளிம்பில் மட்டும் கறுத்த பொருக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் அது செம்பொடியாய்ப் பட்டின்மேல் உதிர்ந்தது. ஒருநாள் குருதி அன்று அது. ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்து காய்ந்த பழங்குருதி. கொம்பைத் துடைத்துத் துடைத்து மெருகேற்றிய கை, அந்த இடத்தை ஏன் பார்க்கவில்லை என்று தேவியார் கேட்டார்.

அன்றே அரண்மனை மருத்துவச்சி எயினியைப் புறப்படச் செய்து, அந்தப் பெண் தானாய்ப் பேசும்வரை அவள்மீது இரும்போ தீர்ப்போ படலாகாது என்று ஆணை கொடுத்தனுப்பினார். எயினி உமது சிறைக்கூடத்தில் கண்டதும் கேட்டதும் இனி வருவன. உமது கோட்டைக்குள்ளேயே நடந்தவைதாம், எனினும் உமக்குப் புதிதாயிருக்கும்.

சாத்தி வாய் திறவாமல் நின்றதற்குக் காரணம், திறக்க முடியாமைதான். மேலிதழும் கீழிதழும் பாளம் பாளமாய் வெடித்து, வெடிப்பில் சீழ் கோத்து, கடைவாய் இரண்டும் ஒட்டிப் போயிருந்தன. திறந்தால் கிழியும். பச்சைக் குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. எயினி வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து ஒற்றி, பொருக்கை உரிக்காமல் தானாய் இளகவிட்டு, பசுநெய்யும் தேன்மெழுகும் உருக்கிச் சேர்த்த பூச்சை வேளைதோறும் இட்டு, கஞ்சித்தெளிவைச் சிறு சிறு மடக்காய்ப் புகட்டினாள். பல நாள் சென்றபின் முதல் சொல் வந்தது. தான் ஊதியதாகவும், காற்று மட்டுமே வந்ததாகவும் அவள் சொன்னாள்.

அவள் கணவன் எல்லைப் படையில் இருக்கிறான். ஆடவர் இல்லாத ஊரில், பால் கொடுக்கும் தாய்மார் வயல் வேலைக்கு ஆகார், குன்றின்மேல் காவல் இருக்கட்டும் என்று முறை வகுத்தவர் நீர். சும்மா உட்கார்ந்திருப்பதற்கா சோறு என்று, கோட்டைக்குரிய தினையையும் அங்கேயே உலக்கையால் குற்றச் சொன்னவரும் நீர். ஆகவே சாத்தி விடியலில் ஒரு குடம் நீரும் கைக்குழந்தையுமாய்க் குன்றேறுவாள். கண் புகையைத் தேட வேண்டும், கை உலக்கை பிடிக்க வேண்டும், மார்பு குழந்தைக்கு வேண்டும். குடத்து நீரில் குழந்தையைக் குளிர்த்தி, தினைக்குத் தெளித்து, மிஞ்சினால்தான் அவள் தொண்டைக்கு. பால் சுரக்கும் உடம்பு எவ்வளவு நீர் கேட்கும் என்பது உமக்குத் தெரிய வழியில்லை. உம் தாயாருக்குத் தெரிந்திருக்கும்.

மேல்கணவாய்க் காற்று இறங்கியதும் இதழ் வறண்டது. வறண்டதும் நாவால் ஈரப்படுத்தினாள். அந்த ஈரத்தைக் காற்று உறிஞ்சிப்போக, முன்னிலும் அதிகமாய் வறண்டது. எழும்பிய தோலைப் பல்லால் கடித்து இழுத்தாள். இதழ் வறண்ட எவரும் செய்வதுதான். மாலைதோறும் காவல் மாறும்போது ஊத வேண்டிய ஊதலில் வெடிப்பு மறுபடி திறந்துகொள்ளும். ஊதலின் ஒலி நாளுக்கு நாள் மெலிந்ததைக் கேட்ட உமது வாயிற்காவலர், குன்றின்மேல் கன்று கத்துகிறது என்று சிரித்தார்களாம். சிரிப்பதற்கு மட்டும் காது கேட்டது.

உமது பண்டசாலைக் கணக்கனிடம் அவள் கொட்டைப்பாக்கு அளவு வெண்ணெய் கேட்டாள். புருஷன் போரில் இருக்கையில் இதழ் அழகு யாருக்கு என்று அவன் வினவியதாகவும், தான் அதற்குமேல் கேட்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். கோட்டையின் வெண்ணெயும் மெழுகும் கொம்புக்கும் தேரின் தோல்வாருக்கும் முரசுக்குமாய் ஒதுக்கப்பட்டிருந்தன.

இனி வருவதைக் கேட்டபோது தேவியார் முகத்தை மறைத்துக்கொண்டார். கொம்பின் நெய்க்கிண்ணம் குன்றின்மேல் அவள் பக்கத்திலேயே இருந்தது. நாள்தோறும் அவளே அதைத் தொட்டுக் கொம்புக்குப் பூசினாள். பூசி முடித்து, விரலில் எஞ்சிய பிசுக்கையும் கொம்பின்மேலேயே வழித்தாள். ஒரு துளியேனும் இதழில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையா என்று எயினி கேட்டதற்கு, அது அரசுடைமை, கொம்புக்கன்றி வேறெதற்கும் தொடலாகாது என்பது ஆணை என்றாளாம். உமது ஆணைக்கு இவ்வளவு உண்மையாய் நடந்தவர் உமது கோட்டையில் வேறு யாரும் உண்டா என்று நீரே எண்ணிப் பாரும்.

தீப்பிடித்தது உச்சிவெயிலில். கரி சுடும் மூட்டத்துப் பொறி வைக்கோற்போரில் விழுந்தது. புகையை முதலில் கண்டவள் சாத்திதான். உலக்கையை எறிந்துவிட்டுக் கொம்பை எடுத்தாள். வாய் வைத்து அழுத்தியதும் கீழிதழ் நடுவில் பிளந்தது. மூச்சு துளைக்குள் போகாமல் பிளவின் வழியே சிதறியது. மறுபடி ஊதினாள், குருதி வழுக்கியது. முந்தானையால் துடைத்து மறுபடி ஊதினாள். கூவிப் பார்த்தாள், காற்று அவள் குரலைக் கணவாய்க்கு அப்பால் கொண்டுபோயிற்று. பிறகு குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு சரிவில் ஓடினாள். கீழே வந்தபோது மேற்குத் தெருவில் கூரை என்று எதுவும் இல்லை.

விடங்கரே, ஓலையின் ஓரத்தில் நீர் எழுதிய அந்த ஒரு குழந்தை யாருடையது என்று எழுதாமல் விட்டீர். அவள் பெயர் வெண்ணி, சாத்தியின் மூத்த மகள். குன்றேறும் தாயோடு வர அழுதவளை, வெயில் சுடும் என்று உறங்கவைத்துப் படல் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள் தாய். குன்றின்மேலிருந்து அந்தக் கூரை தெரியும். பற்றியதையும் அவள் பார்த்தாள், கொம்பு வாயில் இருக்க. அந்தத் தாயின் வாயில்தான் இரும்பு வைக்க ஒப்புதல் கேட்டீர்.

ஆகவே தேவியார் அருளிய ஆணை வருமாறு. சாத்தி குற்றமற்றவள். ஊதாத வாய்க்குச் சூடு என்ற சட்டம் இன்றோடு நீங்கியது. காவலிருக்கும் தாய்மாருக்கு வேறு வேலை கூடாது. அவரவர் குடிப்பதற்கென்று தனிக்குடம் நீர் கோட்டையாள் சுமந்து ஏற்ற வேண்டும். உலர்காற்று தொடங்கும் முன்பே நெய்யும் மெழுகும் சேர்ந்த பூச்சு வீடுதோறும் சேர வேண்டும். நெய் மட்டும் காற்றில் நில்லாது, மெழுகுதான் அதை இதழில் பிடித்து வைக்கும் என்பது எயினியின் சொல். விடியலிலும் படுக்கும்போதும் இடுக. நாவால் நனைக்காமல், தோலைக் கடிக்காமல், குன்றின்மேல் வாயை மறைத்து மெல்லிய துணி கட்டிக்கொள்க. முதல் நெய் இதழுக்கு, மிஞ்சியது கொம்புக்கு. கொம்பு வெடித்தால் வேறு செய்துகொள்ளலாம்.

உமக்கு என்ன தண்டம் என்று சாத்தியையே கேட்கச் சொன்னார் தேவியார். உம்மைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. இதழ் ஆறியபின் அந்தக் கொம்பை ஒரே ஒருமுறை தன்னிடம் தர வேண்டும் என்று மட்டும் வேண்டினாள். அன்று ஊத முடியாததை ஊதிவிட வேண்டுமாம். மகளுக்குக் கேட்க வேண்டுமாம்.

கொம்பு இவ்வோலையோடு திரும்பி வருகிறது. விளிம்பிலுள்ள குருதியை எவரும் கழுவலாகாது. எயினி நாள் குறித்ததும் உச்சிவெயிலில் சாத்தி குன்றேறி ஊதுவாள். ஊதல் கேட்டதும் கோட்டைக் கதவுகள் முற்றத் திறக்கப்படும். வீரரும் வாயிற்காவலரும் கணக்கனும், எல்லாருக்கும் முன்னே நீரும், ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு, மெய்யாகவே தீப்பற்றிய ஊருக்கு ஓடுவதுபோல மூச்சிரைக்கத் தினையூருக்கு ஓடுவீராக. மேற்குத் தெருவில் அந்த வீடு நின்ற சாம்பலில் அத்தனை நீரையும் கொட்டுவீராக. கொட்டியபின் அவள் குன்றிலிருந்து இறங்கி வரும்வரை அங்கேயே நிற்பீராக.

இந்த ஓலைக்கு மெழுகு முத்திரை இடப்படவில்லை. முத்திரைக்குரிய மெழுகு பூச்சுக்குப் போய்விட்டது. பச்சைக் களிமண்ணில் தேவியாரின் கணையாழி பதிந்திருக்கிறது. அதையே ஆணையாய்க் கொள்க. வெண்கோட்டு நாட்டில் தாய்மார் குரல் தடையின்றி எழும் காலம்வரை இவ்வாணை நிற்க.