சுவரில் ஒட்டிய பெரியப்பா

17-7-1988, ஞாயிறு. பட்டாபிராம்.

நெல்லளந்தார் என்ற எங்கள் குடும்பப் பெயர் அபூர்வமானது என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. அந்தப் பெயரில் யார் பேப்பரில் வந்தாலும் படத்தை வெட்டிக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிடுவார். ஒரு வீணை வித்வான், ஒரு ஹாக்கி வீரர், ஒரு நீதிபதி. யாரையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை.

இன்று அவர் ஓவர்டைமுக்குப் போயிருந்தபோது முன்பின் தெரியாத ஒருவன் வந்தான்.

"நெல்லளந்தார் ஊடு இதானா?"

தலையாட்டினேன். தண்ணீர் கேட்டான். கொண்டு வருவதற்குள் உள்ளே வந்து நீதிபதி படத்தின் முன்னால் நின்றிருந்தான்.

"இவரு உனக்கு இன்னா வேணும் பாப்பா?"

"எங்க பெரியப்பா!" என்றாள் மகள். அவள் அப்பா சொல்லிக்கொடுத்ததுதான்.

"சொந்தமெல்லாம் இல்லைங்க" என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"எங்க அண்ணனுக்குத் தூக்கு குடுத்தவரு. நான் விசாரிச்சேன்னு பெரியப்பாகிட்ட சொல்லு, இன்னா?"

தண்ணீரைத் தொடாமல் போய்விட்டான்.

வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். எல்லாப் படங்களையும் சுரண்டி எடுத்தார்.

நாளைக்குப் பள்ளிக்கூடம். பாப்பாவின் பையில் முழுப் பெயரையும் சிவப்பு நூலில் நான்தான் தைத்தேன். இப்போது உட்கார்ந்து பிரித்துவிட்டேன். நூல் போன பிறகும் ஊசித் துளைகளில் பெயரைப் படிக்க முடிகிறது.