கவிதா வைத்த கங்கோங் பாத்தி

என் கண்ணே கவிதா,

நீ போன பிறகு வீட்டின் பின்பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. சாவிக்கீரை முற்றி மஞ்சளாகப் பூத்துவிட்டது. கங்கோங் கீரை மட்டும் வேலிவரை படர்ந்து கிடக்கிறது.

ஃபேக்டரி வேலை முடிந்து வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் பாத்தியில் குந்திவிடுவாயே. சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் செய்ய சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தபோது, கீரையைத் தொடவே கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி பாத்தியை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ ஊசி குத்திய கையை மடித்து வைத்துக்கொண்டு, மறு கையால் தண்ணீர் ஊற்றினாய்.

நெத்திலி போட்டு வதக்கிய கங்கோங்கை நானும் மூர்த்தியும் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்ப்பாய். பெற்ற மகன் பக்கத்தில் இருந்தாலும் என் கண் மருமகள் உன் மேல்தான் இருக்கும். உனக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்று, கசக்கிறது என்பேன். ஒருநாள் நீ மெதுவாகச் சொன்னாய்:

"பொய் சொல்லாதீங்கலா அத்தை. நல்லா இருக்குன்னு சொல்லுங்க. காதாலயாவது கேட்டுக்கிறேன்."

சொன்னேன். உனக்கு எப்படியம்மா எங்களுக்குப் பரிமாற மனம் வந்தது?

மூர்த்தி இப்போது வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் காரியத்தன்றுகூட அவன் அழவில்லை. போன வாரம், பின்பக்கத்தைச் சிமெண்டு போட்டு மூடிவிடலாம் என்றான். நான் வேண்டாம் என்பதற்குள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டான். பாதிப் பாத்தியை வெட்டியவன், கையில் கொடியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ ஒரு வாய்கூடத் தின்னலையேம்மா" என்றான். பிறகுதான் அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

அழுது ஓய்ந்ததும், வெட்டிப்போட்ட தண்டுகளை அவனே பொறுக்கி ஈரமண்ணில் குத்தி வைத்தான். சிமெண்டுப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. இன்று காலையில் பார்த்தேன், கணுக்களில் துளிர் வந்திருக்கிறது.

செமிலிங்கில் உன் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். போன் செய்தால், "சம்பந்தி" என்பதற்குமேல் பேச்சு வராமல் வைத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கும்படி மூர்த்தியிடம் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவாரோ என்னவோ. வரமாட்டேன் என்றால் நான் அங்கேயே தங்கிவிடுகிறேன். அவரைத் தனியாக விடமாட்டேன், கவிதா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மகளை இழந்து நிற்கும்,
உன் அத்தை