மடைத் தகராறுக்கு வந்த சமாதான நிதி

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் காளீஸ்வரி ஜெர்மனியிலிருந்து. முட்டுவலி தேவலையா? பரளச்சியில மழை உண்டா? நான் சுகம்தான்.

இங்க ஒரு கூத்து. உலக சமாதானத்துக்குன்னு பல நாடு சேர்ந்து ஆராய்ச்சி நிதி குடுக்குறாக. கண்மாய்த் தண்ணியை அளக்குற கருவிக்கு எங்க புரொபசரோட சேர்ந்து நாங்களும் கேட்டோம். மடைத்தண்ணிக்காக நீங்க பெரியப்பா முன்னாடி மம்பட்டியோட நின்னதையும், அதுலருந்து ரெண்டு பேரும் பேசாததையும் புரொபசர்கிட்ட வேடிக்கையாச் சொல்லியிருந்தேன். மனுசன் விண்ணப்பத்துல நம்மூரை ‘ஆயுத மோதல் பகுதி’ன்னு எழுதிட்டாரு! கேட்டா, “சண்டையில்லாத ஊருக்கு எவன் குடுப்பான்?”ங்கிறாரு. நிதி வந்திருச்சு, கேக் வெட்டுனாக. நான் தொடலை.

இங்கத்த சாப்பாட்டுல நாக்கு செத்துப்போச்சுப்பா. பெரியப்பா வீட்டுக் குதிரைவாலி ரெண்டு படி அனுப்புங்க. ஆள் விடாதீங்க, நீங்களே போய்க் கேட்டு வாங்கணும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுறாக.

காளீஸ்வரி