அப்பாவின் மூன்றாவது பதில்

மேல்கணக்கு லயம்,
கினிகத்தேனை.
வெள்ளிக்கிழமை.

என் அன்புள்ள பிரேமினி அக்காவுக்கு,

உன் தங்கை லோஜினி எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன்.

இங்கே எல்லோரும் சுகம். நீ பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் கால்வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை விடவில்லை. கூரைத் தகரத்துக்கு அப்பா தார் பூசினார். இப்போது ஒழுகுவது நீ படுக்கும் மூலையில் மட்டும்தான்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. கையில் கிடைத்தாலும் பேச முடியாது. இங்கே பேசினால் பக்கத்துக் காம்பரா வீரய்யா மாமாவுக்குக் கேட்கும். அவருக்குக் கேட்டால் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வரும் எல்லோருக்கும் கேட்டமாதிரி. அதனால் பள்ளிக் கொப்பித் தாளில் எழுதுகிறேன். நாளை டியூஷனில் என் சிநேகிதி ஷாமிலா தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நீ எழுதிக்கொண்டிருக்கும் கேமை அவளுடைய போனில்தான் விளையாடிப் பார்த்தேன். பூரணி என்ற அந்தப் பிள்ளையின் காம்பரா நம்முடையதேதான். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் மழைக்கோட்டுகூடத் தொங்குகிறது. அடுப்பைத் தொட்டால் எரிகிறது. வாளியைத் தொட்டால் தண்ணீர் அசைகிறது. கதவைத் தொட்டால் மட்டும், ‘இந்தப் பாதை இன்னும் எழுதப்படவில்லை’ என்று வருகிறது. திரும்பத் திரும்பத் தொட்டேன், அதேதான். “உங்க அக்கா உன்ன உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்கடி” என்று ஷாமிலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஏ.எல். உயர்தர வகுப்பு படிக்க ஹட்டனில் எனக்கு இடம் தருகிறார்கள். விடுதியில் தங்க வேண்டும். திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். அப்பாவோ என்னைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மாவுக்கு உதவியாளாகச் சேர்க்கப் பேசிவிட்டார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நம் வாசலில் நின்றால் அந்தக் கட்டடம் தெரியும். அதுதான் அந்த வேலையில் நல்ல விஷயம் என்கிறார்.

இந்த நேரத்தில்தான் நீ கேட்டிருந்தாய்: டவுனுக்குப் படிக்கப் போக வேண்டுமென்று பூரணி கேட்டால் அவள் அப்பா என்ன சொல்வார்? விளையாடுகிறவர்கள் எப்படிக் கேட்டாலும் அதற்கு ஒரு பதில் வேண்டும். பணிவாகக் கேட்டால் ஒன்று, சண்டை போட்டால் ஒன்று, உண்மையைச் சொன்னால் ஒன்று. வழக்கம்போல யோசித்து அனுப்பு என்றாய். இந்த முறை நான் யோசிக்கவில்லை. கேட்டேன்.

பணிவாகக் கேட்டது செவ்வாய்க்கிழமை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டேன். “படிக்க வேணாம்னு யாரு சொன்னா? பஸ்ல போயிட்டு பஸ்ல வா” என்றார். வகுப்பு முடியும்போது நம் பக்கம் வரும் கடைசி பஸ் போயிருக்கும். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் சண்டை போட்டேன். “அக்காவ மட்டும் அனுப்புனீங்கல்ல?” என்று கத்திவிட்டேன். “அனுப்புனேன். போயி படிச்சு, என்னையத் தொப்பியக் கழட்டிக் கானுக்குள்ள நிக்க வெச்சு ஊருக்கெல்லாம் வித்தா. நீ போயி எதக் கழட்டப் போற?” என்றார்.

உன் சித்திர நாவலில் வரும் அந்தப் பக்கம், அக்கா. தோட்டத்துத் துரையின் ஜீப்புக்கு வழிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானில் இறங்கி நிற்கும் பக்கம். ஒரு வார்த்தைகூட இல்லாத பக்கம். பரிசு கொடுத்தவர்கள் அந்த மௌனத்தைத்தான் புகழ்ந்தார்கள் என்று சொன்னாய். இங்கே அந்தப் படம் எல்லார் போனுக்கும் வந்தது. ஜீப் சத்தம் கேட்டால் வீரய்யா மாமா இன்றைக்கும், “பொன்னையாண்ணே, தொப்பிய எடுங்க, படம் புடிக்கிறாங்க” என்பார். அப்பாவும் சிரித்துக்கொண்டே நடந்துவிடுவார். ஆனால் அவர் இப்போது மழையில்கூடத் தொப்பி போடுவதில்லை. இதை நான் உனக்குச் சொன்னதில்லை.

உண்மையைச் சொன்னது இன்றைக்கு. “அக்கா கேம் எழுதுறா. அதுல வர்ற அப்பா பேசுறதெல்லாம் நீங்க பேசுறதுதான். நான்தான் எழுதி அனுப்புறேன். ஆனா இந்தக் கேள்வி எனக்காகவும் கேட்டது” என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

“அதுல அப்பன் பேசுறானா?” என்று கேட்டார்.

பேசுகிறார் என்றேன்.

“அந்தப் படத்துலயும் நான் பேசிக்கிட்டுத்தான் நின்னேன். வாய மூடி வரைஞ்சிட்டா” என்றார்.

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னார்: “ஒங்கக்கா பெட்டிய ஆஸ்டலுக்கு ஏத்திப்போகத் தோட்டத்து லொறியக் கேட்டாரு. துரை ஜீப்ப நிப்பாட்டாமப் போயிட்டாரு. மறுநாளும் போயி அதே கான்ல நின்னாரு.” உடனே அப்பா, “ஒன்னைய யாரு கேட்டா?” என்று அம்மாவை அதட்டினார்.

நீ அந்த லொறியில்தான் போனாய். வளைவு வரைக்கும் நான் பின்னால் ஓடிவந்தேன்.

“அப்ப திங்கக்கிழமை?” என்று கேட்டேன். அப்பா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இன்னும் எழவில்லை.

அக்கா, இந்த மூன்றாவது பதிலை நீயாக எழுதி நிரப்பிவிடாதே. நானும் யோசித்து அனுப்பமாட்டேன். கடிதம் கிடைத்ததும் அப்பாவின் போனுக்கே அழைப்பு எடு. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அன்றைக்குக் கானில் நின்று என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேள், அது போதும். அவர் பேசாவிட்டாலும் நீ போனை வைத்துவிடாதே. உன் கையும் கண்ணும் என்றும் நன்றாக இருக்க நம் தோட்டத்து மாரியம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் வரவையும் குரலையும் எதிர்பார்க்கும்
தங்கை லோஜினி

பி.கு.: அப்பா எழுந்து வந்து, “எழுதிட்டியா?” என்று கேட்டார். “நீங்க சொல்றத எழுத எடம் விட்டு வெச்சிருக்கேன்” என்றேன். பக்கத்தில் நின்று தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வரிகள் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். அந்த இடம் காலியாகவே இருக்க, அப்பா லைட்டை அணைத்துவிட்டார்; இருட்டில்தான் எழுதுகிறேன்.