பென்னும் பெண்ணும்

இன்று காலை உப்புமா சாப்பிடும்போது எனக்குப் புரை ஏறியது. மகள் ஓடி வந்தாள். உச்சந்தலையில் தட்டவில்லை. "இருமும்மா, நல்லா இருமு" என்று பக்கத்தில் நின்றுகொண்டாள். இருமுகிற வரை பயமில்லை என்பது நீ சொன்னது. இந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, அதனால் என்ன.

தொண்ணூறுகளில் மேட்டூரிலிருந்து கைக்குழந்தையோடு பாலாறு சோதனைச்சாவடி தாண்டி மைசூருக்கு வந்தவள் நான். நீயோ மைசூரிலேயே பிறந்து, பாதி கன்னடத்தில் தமிழ் பேசுகிறவள். ஊதுபத்தித் தொழிற்சாலைப் பெண்களின் பிள்ளைகளை ஒற்றை அறைக் காப்பகத்தில் நாம் இருவரும் பார்த்துக்கொண்டோம். என் ஒன்பது மாதக் குழந்தையும் அவர்களோடுதான் கிடந்தாள்.

குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்று காட்ட ஒரு நர்ஸம்மா வந்தார். பொம்மையைக் கையில் குப்புறப் போட்டு, "பென்னிகெ ஹொடீரி, ஐது சல" என்றார். அடி, ஐந்து, இரண்டும் எனக்குப் புரிந்தன. கையைத் தூக்கிக் கேட்டேன்: "பெண்ணுக்கு அடிக்கணும், சரிங்க. ஆம்பளப் புள்ளைக்கு என்ன பண்றது?"

நீ சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "பென்னுன்னா முதுகு கணே!"

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சுரைக்காயோடு வந்தாய். அதைக் கையில் குப்புறக் கிடத்தி, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்கச் சொன்னாய். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால், அடைத்தது இன்னும் உள்ளே போய்விடும் என்றாய். அடிபட்ட சுரைக்காயை அன்றைக்கே கூட்டு வைத்தோம்.

அடுத்த மாதமே அதற்கு வேளை வந்தது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, பாப்பாவுக்குப் பசிக்கிறதென்று வேர்க்கடலையை என் மகள் வாயில் போட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது குழந்தைக்கு இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அள்ளிக் கையில் குப்புறப் போட்டேன். ஓங்கிய கை இறங்கவில்லை. தட்டினேன், தாலாட்டுகிற மாதிரி.

நீ பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். "தூங்க வெக்கிறியா? அடி!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாய். பெற்ற கைக்கு அது முடியவில்லை. அப்போதுதான் அந்தக் குரல்:

"ஏய், பெண்ணுக்கு அடிடி!"

என் தப்பையே என்மேல் எறிந்தாய். அடித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் அரைக் கடலை தரையில் விழுந்தது. அவள் வீறிட்டு அழுதாள். "ஸ்தோத்திரம்" என்று ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். உன்னைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். உன்னிடம் அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக நினைவே இல்லை. சொன்னால் கிண்டல் செய்வாய் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

காலையில் இருமல் அடங்கியதும் தண்ணீர் கொடுத்தாள் மகள். "யாரோ உன்ன நெனைக்கிறாங்கம்மா" என்று சிரித்தாள், நீ அடிக்கச் சொன்ன அந்தப் பெண்.