புல் வெட்டிய மதியம்

ஏப்ரல் 14

மழை இல்லை என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது. வேலையும் அதுதான், நாட்குறிப்பும் அதுதான். காலையில் வானிலை நிலையத்தின் பின்சரிவில், எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க, ஒரு கைப்பிடி புல் பறித்து எடை போட்டேன். மின் அடுப்பில் காயவைத்து மறுபடி போட்டேன். முள் அசைந்ததா என்றே சந்தேகம். நிற்கும்போதே வைக்கோலாகிவிட்ட புல். சீனியர் எட்டிப் பார்த்து, "இதுல காயவைக்க என்னம்மா இருக்கு? கரண்டுதான் தண்டம்" என்றார். சாலை வளைவில் இருக்கும் தீ எச்சரிக்கைப் பலகையில் முள்ளை ஆரஞ்சுக்குத் திருப்பிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்னால் புல் இடுப்பளவு நிற்கிறது. அண்ணனிடம் சொன்னேன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவனுக்குக் கோடையில்தான் ராத்திரி பகல் தெரியாத வேலை. "சரிங்க ஆபீசரம்மா" என்று போர்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 19

மறுபடி சொன்னேன். அண்ணி, "உங்க அண்ணனைக் கெஞ்சறதுக்குப் புல்லைக் கெஞ்சலாம். பாவம் பாத்து அதுவே படுத்துக்கும்" என்றாள். மூவரும் சிரித்தோம். புல் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 23

மேல்வீட்டு மாமா வந்திருந்தார். இந்தச் சரிவில் இரண்டே வீடுகள். கீழே நாங்கள், மேலே மாமாவும் அத்தையும். மாமா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்குள்ள மின்கம்பிகள் எல்லாம் அவர் இழுத்தவை. அத்தை தையல் வேலை செய்கிறார். பிள்ளைகள் இல்லை. தன் வீட்டைச் சுற்றி ஒரு புல் விடாமல் வெட்டிவிட்டாராம். "என் தலையைப் பாத்துத்தான் அளவு எடுத்தேன்" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார். பிறகு அண்ணனிடம், "டேய், தீ மேலதான் ஏறும். நீ தூங்கினா வறுபடறது நான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஏப்ரல் 27

காற்றில் ஈரம் என்பதே இல்லை. உதடு வெடிக்கிறது. முள்ளைச் சிவப்புக்குத் திருப்பினேன். சிவப்பு என்றால் காலை பத்து மணிக்கு மேல் வெல்டிங், மரம் அறுப்பது, மெஷின் வைத்துப் புல் வெட்டுவது எதுவும் கூடாது. இதை ஊருக்கு ஒலிபெருக்கியில் படிப்பது நான்தான்.

சாயங்காலம் அண்ணனிடம் கத்திவிட்டேன். "ஊரே என் பேச்சைக் கேக்குது, என் வீட்டுல கேக்க ஆளில்ல. நாளைக்கு நீ வெட்டலேன்னா நான் லீவு போட்டு வெட்டறேன்." இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கண் சிவந்து கிடந்தது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 28

மேல்வீட்டு மாமா போய்விட்டார்.

ஏப்ரல் 30

எழுதினால் தூக்கம் வருமா?

அன்று மதியம் நிலையத்து ஜன்னலிலிருந்து புகையைப் பார்த்தேன். முதலில் வெள்ளை, உடனே பழுப்பு. எங்கள் சரிவு என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, மனசு ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடினேன்.

நான் படித்த கதைகளில் எல்லாம் தீ சீறும், கர்ஜிக்கும். நான் கேட்டது வேறு. மலை முழுக்க யாரோ காகிதத்தைக் கசக்கிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

மேல்வீட்டின் கூரை விழுந்துவிட்டது. எங்கள் வீடு அப்படியே நிற்கிறது. கொடியில் போட்ட துணிகூடக் கருகவில்லை. காற்று கீழிருந்து மேலே அடித்திருக்கிறது. அத்தையைத் தீயணைப்பு ஆட்கள் பின்பாதை வழியாக இழுத்து வந்தார்கள். மாமா இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்தாராம். என்னைப் பார்க்க விடவில்லை.

அண்ணனின் இரண்டு கையும் வெந்திருந்தன. மருந்து தடவும்போது என்னிடமும் அண்ணியிடமும் சொன்னான். "காலையில எந்திரிக்க முடியல பாப்பா. முழிச்சப்ப பதினொண்ணு. அரை மணி நேரம்தானே, இன்னிக்கு உன் வாயை அடைச்சிடலாம்னு மெஷினை எடுத்தேன். பிளேடு கல்லுல பட்டுச்சு. ஒரு பொறி. ஒரே ஒரு பொறி பாப்பா. சட்டையைக் கழட்டி அடிச்சேன், அடிச்சேன், அது என்னைத் தாண்டி மேல போயிடுச்சு."

அண்ணி எழுந்து கதவைச் சாத்தினாள். "இந்தப் பேச்சு இந்த ரூமோட முடிஞ்சுது."

நான் நச்சரிக்காமல் இருந்திருந்தால்? வெட்டாமலே இருந்திருந்தால் இந்தக் கோடை சும்மா விட்டிருக்குமா? எந்தக் கருவியால் இதை அளப்பது.

மே 2

அத்தை எங்கள் வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்களாம், வேண்டாம், கீழ்வீட்டுக்குப் போகிறேன் என்று வந்துவிட்டார். என் அறையில், என் கட்டிலில் அவர். தரையில் நான். இதுவரை அழவில்லை. அண்ணனின் பழைய சட்டைகளை எடுத்துப் பொத்தான் தைக்கிறார். அண்ணன் வாசலோடு போகிறான், வாசலோடு வருகிறான்.

மே 3

"கண்ணு, தூங்கலியா?" என்று கட்டிலிலிருந்து கேட்டார். தூங்கிவிட்டதுபோலப் படுத்திருந்தேன். கோழை.

மே 5

ரொட்டிக் கடையில் ஒரே பேச்சு. மின்கம்பி அறுந்து விழுந்துதான் பற்றிக்கொண்டதாம். "அவரு இழுத்த லைன்தானே? என்னத்த இழுத்தாரோ. கடைசியில அவரு தலையிலேயே விடிஞ்சுது" என்றார் கடைக்காரர். நாலு பேர் தலையாட்டினார்கள். கம்பி அறுபடவில்லை. நான் பார்த்தேன், கரி பிடித்து அப்படியே தொங்குகிறது.

ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் எனக்கு வாயே கிடையாது போலிருக்கிறது.

மே 6

கைக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு அண்ணன் லாரி கழுவிக்கொண்டிருந்தான். கடைப் பேச்சைச் சொன்னேன். குழாயை மூடவில்லை, தண்ணீர் அவன் காலில் ஓடிக்கொண்டிருந்தது. "மாமாவையா? அவரு வேலையையா சொல்றாங்க?"

"ஆமா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. நான் சொல்லப்போறதும் இல்ல. நீதான் சொல்லணும்."

அண்ணி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து, "ஜெயில்ல போட்டா லாரியை நீ ஓட்டுவியா? பெரிசா வந்துட்டா நியாயம் பேச" என்றாள். அவள் பயம் பொய்யில்லை.

மே 8

சொல்லிவிட்டான்.

அத்தை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டுப் போட்ட கை. "அத்தே, கம்பி அறுந்து இல்ல. நான்தான். மதியம் மெஷினைப் போட்டேன்..."

அத்தையின் கத்தி நிற்கவில்லை. "தெரியும்."

அண்ணி சுவரோடு சுவராகிவிட்டாள்.

"ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான்டா இருந்தேன். மெஷின் சத்தம் நின்னுச்சு. நீ சட்டையால அடிச்சே. வேணாங்க, போகாதீங்கன்னு இவரைப் பிடிச்சு இழுத்தேன். பையன் தனியா மாட்டிக்கிட்டான்டின்னு வாளியைத் தூக்கிக்கிட்டு இறங்கினாரு."

அண்ணனுக்கு அது தெரியாது. புகையில் பார்த்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தனக்காக வந்தார் என்பதை அவன் இப்போதுதான் கேட்கிறான்.

அண்ணிதான் கேட்டாள். "தெரிஞ்சுமா அத்தே எங்க வீட்டுல வந்து இருந்தீங்க?"

"இவன் வாயால சொல்றானான்னு பாக்கத்தான் வந்தேன். சொல்லாம இருந்திருந்தா..." அத்தை நறுக்குவதை நிறுத்தினார். கத்தியைக் கழுவி வைத்தார். "அவரு இழுத்த லைன்ல ஒரு நாள் ஒரு குறை கிடையாது. அதை நீ போய்ச் சொல்லணும். காலையில என்கூட கிளம்பு."

மே 9

காலை பஸ்ஸில் இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஜன்னலோரம் அத்தை, இரண்டு சீட் பின்னால் அண்ணன்.

நான் நிலையத்துக்குப் போனேன். முள் சிவப்பிலேயே இருக்கிறது. ஒலிபெருக்கியில் படிக்கும்போது பாதியில் தாளைச் சீனியரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கி மிச்சத்தைப் படித்தார்.

சாயங்காலம் அத்தை மட்டும் திரும்பி வந்தார். அண்ணி கேட்டிலேயே நின்றிருந்தாள். அத்தை செருப்பைக் கழற்றியபடி, "எழுதி வாங்கிக்கிட்டாங்க. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். கைக்கட்டு மாத்தணும்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகுதான் அந்தச் சத்தம். இத்தனை நாள் வராத அழுகை, வாய்விட்டு, மாமா பேரைச் சொல்லி.

அண்ணி டம்ளரோடு போய்க் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள். இருட்டிவிட்டது. விளக்குப் போட யாரும் எழவில்லை.