படிக்கவில்லை என்று சொன்ன பொய்

ஜூலை 8, திங்கள்
மதியம் எங்கள் பெஞ்சைச் சுற்றி பதினொரு பேர். கணக்குப் பரீட்சைக்குப் படித்தாயா என்று யாரோ கேட்டார்கள். "புத்தகம் எங்க கிடக்குன்னே தெரியாது" என்றேன். எல்லோருக்கும் சிரிப்பு. உண்மையில் காலை ஐந்துக்கு எழுந்து மூன்று பாடம் முடித்தாகிவிட்டது. ஏன் இப்படிச் சொல்கிறேன்? படிக்காமல் மார்க் வாங்குகிறவளைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. படித்து வாங்கினால் புத்தகப்புழு.

ஜூலை 18, வியாழன்
நாளை பரீட்சை. வீட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்றாள் பஞ்சு. (ஒன்றாம் வகுப்பிலிருந்தே என் தோழி. முடி பஞ்சு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.) நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். "சரி, நீயே படிக்கல, நான் மட்டும் படிச்சு என்ன கிழிக்கப் போறேன்" என்று வந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் ஏழு மணி வரை அரட்டை.

ஜூலை 19, வெள்ளி
பரீட்சை சுலபம்.

ஜூலை 26, வெள்ளி
எனக்குத் தொண்ணூற்றொன்று. பஞ்சுவுக்கு இருபத்திரண்டு. முப்பத்தைந்துக்குக் கீழே போனால் எந்த விளையாட்டு அணியிலும் இடமில்லை என்பது பள்ளி விதி. வாலிபால் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்கு எப்படி இவ்வளவு என்று மற்றவர்கள் துருவியபோது அவளே எனக்காகப் பேசினாள். அவளுக்குத் தானாக வரும், மூளை அப்படி என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்
பஞ்சுவின் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர், அரை நாள் விடுப்பு போட்டு, சீருடையோடே வந்திருந்தார். டீச்சர் அறைக்கு வெளியே என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீயும் இவகூடத்தானம்மா சுத்துற. எப்படிப் படிக்கணும்னு இவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றார்.

தலையாட்டினேன். சே.

ஜூலை 30, செவ்வாய்
சொல்லிவிட்டேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில், அவள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது. தினமும் ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிறேன், இவ்வளவு நாளும் சொன்னது பொய் என்று.

"அன்னைக்கு என்னை இழுத்துட்டுப் போனியே, அப்பவும் படிச்சு முடிச்சிருந்தியா?"

"ஆமா."

சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "நான் மக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

திட்டியிருக்கலாம். இரண்டு அறைகூட விட்டிருக்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டாள். ஏறி ஓட்டவில்லை, கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி
பெஞ்சிலும் சொல்லியாயிற்று. கேலி செய்தார்கள், கமுக்கமான ஆளாச்சே என்றார்கள். அதில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மதியம் நான்கு பேர்தான் சாப்பிட்டோம். பஞ்சு ஜன்னல் ஓரத்தில் தனியாக.

ஆகஸ்ட் 6, செவ்வாய்
இன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
அம்மா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து ஐந்தரைக்கு வந்தபோது கூடவே பஞ்சு. வாசலில் நின்றிருந்தாளாம், பெல் அடிக்கத் தயங்கிக்கொண்டு. உள்ளே வந்து, என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கோபம் போகல. கணக்கு மட்டும்தான்."

சரி என்றேன். எட்டு மணி வரை கணக்கு மட்டும்தான். எனக்கு ஒருமுறை விடை தப்பாக வந்தது; இரண்டு பக்கம் அடித்து எழுதினேன். நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கும் இப்படித்தானா?" என்றாள். எனக்கும் இப்படித்தான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்
பத்தாவது நாள். தூங்கி வழிகிறாள், ஆனாலும் வருகிறாள்.

செப்டம்பர் 6, வெள்ளி
மறுபரீட்சையில் பஞ்சுவுக்கு ஐம்பத்தெட்டு. நாளை மறுநாள் ஆட்டம். பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். மதியம் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி வந்து, எப்படி இவ்வளவு வாங்கினாய் என்று அவளைக் கேட்டாள். நான் பக்கத்திலேயே டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன்.

"படிச்சேன்" என்றாள் பஞ்சு. "திங்கக்கிழமை காலையில அஞ்சரைக்கு வா. இவ வீட்டுலதான். லேட்டா வந்தா நாற்காலி கிடைக்காது."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.